இறங்கி வந்தவர்

கிளைவ் மூச்சு வாங்காமல் இறங்கி வந்தார். நோரீனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வீட்டு மாடிக்கு ஏறினாலே பாதியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இருமுகிற மனிதர். வாலிபத்திலிருந்தே செங்கல் சூளைத் தூசியைக் குடித்த நெஞ்சு. அப்படிப்பட்டவர் ஆல்மின்ஸ்டர் கதீட்ரலின் கோபுர உச்சிவரை போய், ஆள் தோள் உரசும் அந்தச் சுழல் படிகளில் திரும்ப இறங்கி வந்து நின்றபோது, தெருமுனைக் கடையில் பால் வாங்கி வந்தவர்போல இருந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"அதுக்குள்ள வந்துட்டியா? பாதியிலேயே திரும்பிட்ட, அப்படித்தானே?"

"உச்சிக்கே போனேன், நோரீன். நல்லா இருந்துச்சு."

நோரீனா? கோபம் வந்தால் ஒழிய அந்தப் பெயர் அவர் வாயில் வராது. மற்ற நேரமெல்லாம் 'குருவி'தான். ஓயாமல் கீச்சிடுகிறாள் என்று கல்யாணத்துக்கு முன்பே வைத்த பெயர். ஏறுவதற்கு முன்புகூட, "மேலேருந்து விழுந்தேன்னா பிடிச்சுக்கோ குருவி, உன் கைப்பையைத் தூரப் போட்டுட்டு" என்று கண்ணடித்துவிட்டுத்தான் போனார்.

ஊரிலிருந்து சுற்றுலாக் கோச் பேருந்தில் காலையில் வந்திருந்தார்கள். நல்ல நாள்தான். சந்துகளில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய மரவீடுகளைப் பார்த்து, "சனிக்கிழமை ராத்திரி பப்புலேருந்து வர்ற நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கு" என்று கிளைவ் சிரித்தார். சந்தையில் பன்றிக்கறி அடைத்த அப்பம் வாங்கி, மழைத்தூறலில் நின்றே தின்றார்கள். நோரீனுக்கு முழங்கால் வலி. அதனால்தான் கோபுரக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தனியே அனுப்பினாள்.

நவம்பர் மாதத்து மாலை, தேநீர் வேளைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. உயரத்துச் சன்னல்களில் இருந்த நீலமும் சிவப்பும் ஒவ்வொன்றாகச் சாம்பலாகிக்கொண்டிருந்தன. உருகிய மெழுகு, ஈரக்கல், சூடேறிய குழாய்களில் கருகும் தூசி எல்லாம் கலந்த மணம் தூண்களுக்கிடையே தேங்கி நின்றது. எங்கோ ஒரு நாற்காலி தரையில் இழுபட, அந்த ஓசை கூரைவரை போய், வேறெதுவோ முனகுவதுபோல் திரும்பி வந்தது.

அப்போது கோபுரத்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

சின்னதாக இரண்டு. பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்த ஒன்று. கடைசியில் சலித்துக்கொண்டு ஒரு செருமல். பக்கத்துத் தலையணையில் இத்தனை காலம் கேட்ட இருமல் அது. தூக்கத்தில் கேட்டாலும் யாருடையதென்று தெரியும்.

அவள் கிளைவை நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடியிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோபுரத்துக்குப் பொறுப்பான டெஸ்மண்ட் சாவியோடு வந்தார். மார்பில் நீலப் பட்டி, சட்டையில் பிஸ்கட் துணுக்கு.

"மேல இன்னும் ஆள் இருக்காங்க" என்றாள் நோரீன்.

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் கடைசி. இந்தக் குளிருல புறாவைத் தவிர எவன் குடியிருப்பான் அங்க?"

"கேட்டுப் பாருங்க. படியில இறங்குற சத்தம்."

அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. கல்லில் செருப்புச் சத்தம். ஒரு படி, இன்னொரு படி, நின்று ஓர் இருமல். சுற்றிச் சுற்றி இறங்கி வந்த ஓசை அடுத்த வளைவில் ஆள் தெரியப்போகிறது என்னும் அளவுக்கு நெருங்கியது. நெருங்கியபடியே இருந்தது. வந்து சேரவில்லை.

"குருவி..." களைத்த குரல். "இந்தப் படி முடியவே மாட்டேங்குது, குருவி."

நோரீன் எழுந்துவிட்டாள். டெஸ்மண்ட் நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் கதவை அகலத் திறந்து, விளக்கடித்துக் காட்டினார். தேய்ந்த படிகள். வளைந்து மேலே போகும் வெறும் கல். ஓசை சட்டென்று நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? பழைய கல்லு, காத்தடிச்சா பேசும். நான் வந்த புதுசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு." கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். "ஐயா, அம்மாவைக் கைத்தாங்கலா பிடிச்சுக்கோங்க. ரொம்ப நேரம் குளிருல உக்காந்துட்டாங்க. எனக்கு ஜெபத்துக்கு நேரமாச்சு."

"போகாதீங்க! இவர் என் புருஷன் இல்லை!"

தூணருகே நின்ற ஒரு பெண்மணி திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். டெஸ்மண்ட் இரக்கத்தோடு கிளைவைப் பார்த்தார். கிளைவும் அதே இரக்கத்தோடு தலையசைத்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். டெஸ்மண்டின் காலடி தூண்களுக்கிடையே தேய்ந்து மறைந்தது. ஆர்கன் இசை முழங்கத் தொடங்கியது.

"கோச் கிளம்பிடும், நோரீன். வா."

கை அவள் முழங்கையைச் சுற்றியது. கோட்டையும் கம்பளிச் சட்டையையும் தாண்டிக் குளிர் இறங்கியது. ஐஸ் பரப்பிய மீன்கடைப் பலகையின் குளிர்.

"நீ யாரு?"

அதே சிரிப்பு.

கதவுக்குப் பின்னால் மறுபடி இருமல். இப்போது தாழ. மிகத் தாழ. தரையோடு.

கையை உதறிவிட்டு நோரீன் முழங்காலில் விழுந்தாள். வலியில் கண்ணில் பொறி பறந்தது. கதவின் அடியில் விரற்கடை இடைவெளி. அதன் வழியே சூடான காற்று வந்தது. பிறகு விரல்கள் வந்தன.

நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத செங்கல் சிவப்பு. வீங்கிய மூட்டில் சிக்கிய மோதிரம்.

பிடித்தாள். வெதுவெதுப்பு.

"பிடிச்சுட்டேன், கிளைவ். பிடிச்சுட்டேன். விட மாட்டேன்."

"விடாத, குருவி."

உள்ளிருந்து எதுவோ அவரை இழுத்தது. அவசரமில்லாமல். நிச்சயமாக. முதலில் மோதிரம் நழுவி உள்ளே போனது. பிறகு மூட்டு. பிறகு நகம். கதவுக்குள் கல்லில் ஒரு கீறல் சத்தம். அதற்கும் மேலே ஒரு கீறல். இன்னும் மேலே. ஒவ்வொரு படியாக.

அவள் கத்தினாள். ஜெபப் பாடகர்களின் குரல் எழும்பி அதை விழுங்கியது.

பின்னாலிருந்து இரண்டு குளிர்ந்த கைகள் அவள் அக்குளில் நுழைந்தன. மென்மையாக, ஒரு நல்ல கணவன் தூக்குவதுபோல, அது அவளைத் தூக்கியது. அவள் கண் மட்டும் தரையை விட்டு வரவில்லை.

கதவடியில் வேறு விரல்கள் வந்திருந்தன. சாயம் பூசிய நகங்கள். புகையிலைக் கறை படிந்தவை. சுருங்கிய கிழவிரல்கள். ஒரு குழந்தையின் விரல்கள். இடைவெளியின் இந்த முனை முதல் அந்த முனை வரை, நெருக்கியடித்துக்கொண்டு, ஓசையில்லாமல், யாராவது பிடித்துக்கொள்வார்களா என்று தரையைத் தடவிக்கொண்டிருந்தன.