வாலுவின் சைக்கிளில் ஒரு சத்தம்

சித்தப்பா சைக்கிள் மெக்கானிக். ஊரில் ஓடுகிற சைக்கிள்களில் பாதி, அவர் கை பட்டதால் ஓடுகின்றன. ஓடாதவையும் அவர் கை பட்டவைதான் என்பாள் சித்தி.

ஏழு மேடு தாண்டினால் ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரியும் என்று ஒரு வருடமாக ஆசை காட்டியவர், அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வாலுவைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார். வாலுவுக்குப் பத்து வயது. நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும். ஆற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று அவள் சித்தியிடம் சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

முதல் மேட்டுக்கு அப்பால் வயல்கள் மடிப்பு மடிப்பாகக் கிடந்தன, யாரோ பச்சைப் போர்வையை உதறிவிட்டு மடிக்க மறந்ததுபோல. இறக்கத்தில் வாலு வாயைப் பிளந்து ரசித்தாள். ஒரு பூச்சியையும் விழுங்கினாள்.

மூன்றாவது மேட்டில் சித்தப்பாவின் முகம் தக்காளியாகிவிட்டது. கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டாள்.

"யாருக்குக் களைப்பு? எனக்கா? நான் பிறந்ததே சீட்டு மேலதான்."

நான்காவது மேட்டில் பேச்சே நின்றுவிட்டது. பேசாத சித்தப்பாவை வாலு அதுவரை பார்த்ததே இல்லை. இப்படியே போனால் ஆறும் இல்லை, கீறும் இல்லை.

வாலு யோசித்தாள். சாப்பாடு ஆறிப்போனாலும் சித்தப்பா பொறுப்பார். சைக்கிள் கீச்சிட்டால் பொறுக்கமாட்டார்.

"சித்தப்பா, என் வண்டியில என்னமோ சத்தம் வருது."

அவ்வளவுதான். மரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். பெடலைச் சுற்றினார். செயினுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். இருந்த எண்ணெயெல்லாம் விட்டார். நடுவே தண்ணீர் குடித்தார். கால்மணி நேரத்தில் மூச்சும் பேச்சும் திரும்பி வந்தன.

ஐந்தாவது மேட்டில் மறுபடியும் சத்தம். ஆறாவதிலும்.

நடுப்பகலில் ஏழாவது மேட்டின் உச்சியில் நின்றார்கள். கீழே ஆறு, வெயிலில் மின்னிக்கொண்டு, இந்தக் குன்றைச் சுற்றி, அந்தத் தோப்பைத் தொட்டு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வாலுவுக்குக் கண் இமைக்கவே மனம் வரவில்லை.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றார் சித்தப்பா. "அந்தச் சத்தம் மேட்டுல மட்டும்தான் வந்துச்சு. இறக்கத்துல ஒரு தடவைகூட வரல."

வாலு ஆற்றையே பார்த்தாள். காது மட்டும் சிவந்தது.

சித்தப்பா முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"திரும்பிப் போறப்பவும் மேடு இருக்கு. சத்தம் வருமில்ல?"