மூடிய அறைக்குள் ஒரு அலை

மீட்டரின் முள் அரைக் கோடு நகர்ந்து நின்றது. நகர்ந்திருக்கவே கூடாது.

பிரான்வின் மேசைமேல் குனிந்து பார்த்தாள். வானொலித் தொலைநோக்கியின் ரிசீவர் திறந்து கிடந்தது. அதன் வாசலில், கட்டைவிரல் அகலப் பெட்டிக்குள், காவலுக்கு இரண்டு PIN வகை டயோடுகள். வானத்திலிருந்து வரும் மெல்லிய அலைகளை அவை கண்டுகொள்ளாது. ராடார் மாதிரி முரட்டு அலை வந்தால்தான் விழித்துக்கொண்டு அதைத் தரைக்குத் தள்ளும். இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் கருவி கருகிவிடும். அப்படித் தள்ளும்போதுதான் முள் நகரும்.

வெளியே செம்மண் காட்டில் நாற்பத்தாறு டிகிரி நண்பகல் வெயில். உள்ளே ஏசியின் ஒரே சீரான முனகல், சில்லிட்ட செப்பின் வாசனை, சுவரிலும் கூரையிலும் தரையிலும் மங்கலாகத் தெரியும் அவளுடைய பிம்பம். முழுக்கச் செப்புத் தகடு அடித்த அறை அது. கனத்த கதவைச் சாத்திவிட்டால் எந்த அலையும் உள்ளே நுழையாது.

சுவர் போனை எடுத்தாள். ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஆன்டெனாவில் வேலையாக இருந்தான் டெக்லன்.

"டெக்லன், டிரான்ஸ்மிட்டர் எதையாவது ஆன் பண்ணினியா?"

"நானா? இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். நிஜமாவே. சாண்ட்விச்சுல பாதி அதுங்களுக்குத்தான். நீ கேபிளை மாத்திச் சொருகியிருப்ப, போன வாரம் மாதிரி."

"விளையாடாதப்பா. கதவு சாத்தியிருக்கு. ஆனா டயோடு வேலை செய்யுது."

"அப்போ உள்ளேயே ஏதோ இருக்கு. தேடு."

ஒவ்வொரு கருவியாகப் பிளக்கைப் பிடுங்கினாள். முள் இறங்கவில்லை. ஏறியது. கொஞ்சம் இறங்கி, மறுபடி இன்னும் அதிகமாக ஏறியது, யாரோ மெதுவாக நடந்து நெருங்குவதைப் போல. சொத்தைக்கு உலோகம் அடைத்திருந்த கடைவாய்ப்பல் விண்ணென்று தெறித்தது.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள். அசையவில்லை.

ஓடிவந்து மறுபடி போனை எடுத்தாள். "டெக்லன், கதவு திறக்க மாட்டேங்குது!"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "இரு, வண்டிய எடுத்துட்டு வரேன். பதினஞ்சு நிமிஷம். மெயினை அணைச்சிடு பிரான், எதுவா இருந்தாலும் நின்னுடும்."

அணைத்தாள்.

இருட்டு. ஏசி நின்றது. போனும் செத்தது.

கைபேசி வெளிச்சத்தை மேசைப்பக்கம் திருப்பினாள். முள்ளுக்கு மின்சாரம் தேவையில்லை. வரும் அலையே அதைத் தள்ளும். கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு அது நடுங்கியது. டிக். கருகல் நாற்றம். ஒரு டயோடு போனது.

டிக்.

இரண்டாவதும்.

கைபேசி சுட்டது. கீழே போட்டாள். மோதிரம் சுட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

அப்போது கதவுக்கு மேலிருந்த டியூப் லைட் வெளிறி எரிந்தது. மெயின் அணைந்தேதான் இருந்தது. அது மங்கியது. அடுத்த டியூப் எரிந்தது. அதற்கடுத்தது. அவளை நோக்கி.

பின்வாங்கினாள். முதுகில் செப்புச் சுவர். இனி இடமில்லை.

தலைக்கு மேலிருந்த டியூப் எரிந்தது. அணையவில்லை.

சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். ஒரு சத்தமுமில்லை.

கண்ணுக்கு அரையடி தள்ளி, குளிர்ந்த செப்பின்மேல், உள்ளங்கை அகலத்துக்கு மூச்சின் பனி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.