வெள்ளைத் தெரு

நாகப்பட்டினம் கடற்கரையில் இப்போதெல்லாம் புயல் வந்தால் யாரும் ஊரைக் காலி செய்வதில்லை. தெருவைத்தான் காலி செய்கிறார்கள். 'புயலூடி' விமானம் சூறாவளிக்குள் புகுந்து, ரேடார் அலைகளால் மழைத்துளிகளைத் துரத்திப் பிடிக்கும். துளி ஓடும் வேகத்தை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடும். உடனே கைப்பேசியில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம். சிவப்பென்றால் ஓடு, மஞ்சளென்றால் கதவைச் சாத்து. அந்தக் கணக்கு இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

விமானத்துக்குள் ரேடாரைக் கவனிப்பவள் தமயந்தி. குலுக்கல் அவளுக்குப் பழகிவிட்டது. அவளைப் பயமுறுத்தியது திரையில் தெரிந்த வெள்ளைத் திட்டு. இரண்டு மழைப்பட்டைகளுக்கு நடுவே மழையில்லாத இடைவெளி, சரியாக அவள் அண்ணன் இருக்கும் பகுதியின் மேல். துளி இல்லாவிட்டால் ரேடார் குருடு. காற்று பேயாய் அடித்தாலும் அதற்குத் தெரியாது. அளக்காத தெருவுக்கு நிறம் பூசாமல் விட்டுவிடும். சனங்களோ வெள்ளையைப் பார்த்தால் ஆபத்தில்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

அண்ணன் கலியமூர்த்தியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உடனே கிளம்பு. உங்க தெருவுல காத்து எவ்வளவுன்னு எங்களுக்கே தெரியல."

"என்ன தங்கச்சி, நம்ம தெரு வெள்ளையால்ல இருக்கு! செவப்புத் தெரு சனமெல்லாம் நம்ம வூட்லதான். உங்கண்ணி அண்டாவுல சோறு வடிக்கிறா."

அந்த ஓட்டு வீட்டுக்குள் அத்தனை பேரா?

"வெள்ளைன்னா அளக்கலன்னு அர்த்தம்ண்ணே!"

"மெசின் பொய் சொல்லாதுன்னு கூட்டம் போட்டுச் சொன்னது நீதானே? இப்ப நீயே அதை எதுத்துப் பேசுனா யாரு நம்புவா?"

சொன்னவள் அவள்தான், அதுவும் பெருமையாக.

அளக்காத இடத்தில் கை வைக்கக் கூடாதென்பது விதி. விதியாவது ஒன்றாவது! திரையில் அண்ணன் தெருவைத் தேடிப்பிடித்துச் சிவப்பாக்கினாள். அந்தப் பதற்றத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை, பாவம்.

சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"மெசினே சொல்லிருச்சு தங்கச்சி! சோத்து அண்டாவையும் தூக்கிக்கிட்டு எல்லாரும் கிளம்பிட்டோம்."

தமயந்திக்கு அழுகையே வந்துவிட்டது. "மேற்கே, கல்யாண மண்டபத்துக்குப் போயிருங்கண்ணே. கெட்டியான கட்டடம்."

"அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்துத் தெரு இன்னும் வெள்ளையாத்தானே இருக்கு!"