அவன் நின்ற இடத்து மண்

எல்லாம் கலங்கிக் கிடக்க வேண்டிய படத்தில் அது மட்டும் தெளிவாக நின்றது. விஜயகலா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக அவள் எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண ஆல்பம் செய்வாள், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பாள், சோறாக்குவாள், தூங்குவாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, தொட்டால்தான் ஒன்றும் தெரியவில்லை.

நிவித்திகல என்ற மலையடி ஊரின் கடைத்தெருவில் அவளுடைய ஸ்டூடியோ. காலையிலிருந்து பெய்த மழை தகரக் கூரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டோரில் தொங்கவிட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை சுவர் வழியாக ஊறி வந்து, பிரிண்டர் மையின் வாடையோடு கலந்து, கம்ப்யூட்டர் இருந்த பின்னறையில் நகராமல் நின்றது. ஜன்னலில் வழிந்த தண்ணீரின் நிழல் அவளுடைய கையிலும் மேசையிலும் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது.

திரையில் இருந்தது கிருஷ்ணகுமார் கடைசியாக எடுத்த வானம்.

அவளுடைய புருஷன் பகலில் கல்யாண வீட்டுப் படக்காரன். பொழுது சாய்ந்தால் நட்சத்திரப் பைத்தியம். ஆயிரம் முகத்தைப் பிடித்து அலுத்தவனுக்கு முகமே இல்லாத ஒன்றின் மேல் என்ன மோகமோ, வானம் கொஞ்சம் வெளுத்தால் போதும், கமராவைத் தூக்கிக்கொண்டு தாய் வீடு இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். இரண்டு வருடத்துக்கு முந்தி, விடாமல் பெய்த அடைமழை ஒரு நாள் சட்டென்று நின்றது. வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. அவன் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கும் மேலே மலைக்கு ஏறினான். விடியுமுன்னே, ஒரு துளி மழை இல்லாத நேரத்தில், மலை சரிந்து வந்தது. லயத்துச் சனங்களை அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்ததால் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. கமரா மட்டும் பல மாதம் கழித்து ஓடைச் சேற்றில் கிடைத்தது. அதற்குள்ளிருந்த கார்ட் உயிரோடிருந்தது. அவன் கிடைக்கவேயில்லை.

அந்தப் படங்களை அவள் அப்போதே திறந்து பார்த்திருக்கிறாள். கருப்பும் புள்ளியும்தான். மூடி வைத்துவிட்டாள்.

இப்போது திறந்தது மாமியாருக்காக. தங்கம்மா அதே மலைக்குக் கீழே, பணிய லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் வீட்டில், தனியாக இருந்தாள். அந்த லயத்திலும் ஆபத்து என்று அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது. சனமெல்லாம் இறங்கிவிட்டார்கள். இன்று காலையிலும் விஜயகலா போனில் கெஞ்சினாள்.

"எல்லாரும் எறங்கிட்டாங்க மாமி. நீங்க மட்டும் அங்க என்ன பண்றீங்க? எங்கிட்ட வந்துருங்க."

"வர மாட்டேன்னா சொன்னேன்? அவன் கடைசியா நின்ன எடத்து மண்ணு ஒரு பிடி எடுத்துக் குடு. கருமாதிய முடிச்சிட்டு அன்னைக்கே ஒங்கூட வந்துர்றேன்."

"எங்க நின்னாருன்னு யாருக்கு மாமி தெரியும்?"

"அது தெரியாமத்தானே புள்ள ரெண்டு வருசமா குந்தியிருக்கேன். ஒடம்பும் இல்ல, மண்ணும் இல்லன்னா நான் என்னத்த வச்சிக் கும்புடுறது?"

உடம்பு கிடைக்காதவருக்கு அவர் கடைசியாக நின்ற இடத்துப் பிடிமண்தான் உடம்பு. அதை வைத்துத்தான் காரியம். மண் கிடைக்காத வரை தங்கம்மா அந்த மலையடியை விட்டு அசையப் போவதில்லை. அடுத்த அடைமழைக்குள் அந்த மண் எப்படியாவது கிடைத்தாக வேண்டும். விஜயகலாவுக்கு இப்போது மிச்சமிருந்த கவலை இது ஒன்றுதான்.

பக்கத்துப் போன் கடை நுஸ்காதான் வழி சொன்னாள். பழைய இருட்டுப் படங்களைக்கூட வெளிச்சமாக்கும் புது மென்பொருள் வந்திருக்கிறதாம். அவளே வந்து போட்டும் கொடுத்தாள். கிருஷ்ணகுமார் நின்ற இடத்திலிருந்து ஒரே வானத்தை அடுத்தடுத்துப் பல தடவை எடுத்திருந்தான். அத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தின் பொடிப்புள்ளி இரைச்சல் குறையும், இருட்டில் புதைந்தது மேலே வரும். மலையின் விளிம்பும் ஒரு மரமும் தெரிந்தால் போதும், எங்கே நின்றான் என்று கண்டுபிடித்துவிடலாம். அவள் எல்லாவற்றையும் உள்ளே போட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. மழை கொட்டியது.

படம் வந்தது.

பால் சிந்தியது மாதிரி வானம். கீழே மலை விளிம்பு, ஈரக் கையால் தேய்த்த சாம்பல் மாதிரிக் கலங்கல். அதற்கு மேல், ஒற்றைப் பலாமரத்துக்கு வலப்பக்கம், ஒரு ஆள். கூர்மையாக. தலை, தோள், தொங்கும் இரண்டு கை. கமராப் பையைச் சுமந்து சுமந்து கிருஷ்ணகுமாருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இந்த ஆளுக்கும் இறங்கியிருந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. போனை எடுத்தாள்.

"மாமி, எடம் தெரிஞ்சிருச்சி. வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துக்கு மேல ஒத்தப் பலாமரம் இருக்குல்ல, அதுக்கு வலப்பக்கம். அவரு நிக்கிறது தெரியுது."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, தங்கம்மா எழுந்துவிட்டாள் போல.

"நிக்கிறானா?"

"படத்துல மாமி. நாளைக்கு நான் வாறேன், சேந்து போவோம். தனியா போயிராதீங்க, மண்ணு இளகியிருக்கும்."

"சரி புள்ள," என்றாள் தங்கம்மா. அவ்வளவு லேசான குரலை விஜயகலா இரண்டு வருடமாகக் கேட்டதில்லை. மனசு கொஞ்சம் ஆறியது. மலையை விட்டு மாமியை இறக்கியாகிவிட்டது என்றே நினைத்தாள்.

மழை விட்டது. கூரையில் சொட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நுஸ்கா பிளேன்டீ கிளாஸோடு உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"அட, நல்லா வந்திருக்கே! இது மச்சானா?"

"ம்."

"அவருதானே படம் எடுத்தாரு? அப்ப முன்னால எப்படி நிக்கிறாரு?"

"செட் பண்ணி வச்சா தானா எடுக்கும் நுஸ்கா. அவரு நடந்து போயிருப்பாரு."

"மரமெல்லாம் ஏன் அக்கா இப்பிடி இழுத்த மாதிரி இருக்கு?"

கிருஷ்ணகுமார் எத்தனையோ தடவை சொல்லித் தந்த பாடம். விஜயகலா யோசிக்காமல் ஒப்பித்தாள். "வானம் நகந்துக்கிட்டே இருக்கும்ல. இதுல நட்சத்திரத்தப் புடிச்சி நிறுத்தி அடுக்கியிருக்கு. அப்ப தரையில இருக்கிறதெல்லாம் இழுபட்டுத்தான் போகும். மரம், பாறை, ஆளு, தரையில நிக்கிற எதுவா இருந்தாலும்..."

அவள் திரையில் கூர்மையாக நின்ற ஆளைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீங்க தொழப் போங்க, நேரமாச்சி."

நுஸ்கா போனாள். அவளுடைய கடைக் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஓடையில்லை, தவளையில்லை, பஸ் இல்லை. இத்தனை மழைக்குப் பிறகு ஊர் இப்படி அடங்கியிருந்ததை அவள் பார்த்ததில்லை. அந்த ஆள் மென்பொருளின் வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இல்லாத மூக்கையும் கண்ணையும் வைத்துவிடும் சாமான்கள் இவை, கல்யாணப் படங்களில் பார்த்திருக்கிறாள். கூராக்குவதையெல்லாம் அணைத்தாள். வெறும் அடுக்கல் மட்டும். மறுபடி ஓடவிட்டாள்.

ஆள் நின்றது.

இந்தத் தடவை தரையைப் பிடித்து நிறுத்தினாள். நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுபட்டன. பலாமரம் இலை இலையாகத் தெளிந்தது. மரத்துக்கு வலப்பக்கம் தரையில் யாரும் இல்லை. புல் இருந்தது. அந்த இடத்துக்கு மேலே, வானத்தில், அகலமாக ஒரு கருப்புக் கீற்று. நட்சத்திரக் கோடுகளுக்குப் பக்கத்தில், அதே சாய்வில், அதே நீளத்தில்.

அது மலையில் நிற்கவில்லை. நட்சத்திரங்களோடு நின்றது.

அவள் மாமிக்கு வழி சொன்னது செம்மண்ணும் ஈரமுமான மலைக்கு இல்லை. அதனிடம் போகத்தான் சொல்லியிருக்கிறாள். இதைத் தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தாள். பயமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இருந்தது, அது பயமாக இருந்தது. மாமியின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

மறுபடி.

"புள்ள." மூச்சு வாங்கியது. ஈரத்தில் செருப்பு சப்பென்று பதிந்து எழும் சத்தம்.

"மாமி! எங்க இருக்கீங்க?"

"மழ விட்டுச்சில்ல. நாளைக்கி வரைக்கும் என்னத்துக்குன்னு ஏறிட்டேன். போன் லைட்ட அடிச்சிக்கிட்டு வாறேன்."

"எறங்குங்க மாமி. நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த எடம் இல்ல. எறங்கி வீட்டுக்குப் போங்க."

"ஆமா, நீ தப்பாத்தான் சொல்லிட்ட." கோபமில்லை. சிரிப்பு மாதிரி இருந்தது. "பலாமரத்தடியில அவன் இல்ல."

"ஆமா மாமி. அங்க ஒண்ணுமில்ல. திரும்புங்க."

"அதுக்கும் மேல நிக்கிறான்."

விஜயகலா பின்கதவைத் திறந்தாள். கடைகளின் கூரைக்கு அப்பால் மலை. கருக்கல் முடிந்து வானம் துடைத்தது மாதிரிக் கிடந்தது. வெற்று லயத்தில் ஒரு விளக்குக்கூட இல்லை. மலை விளிம்பில், ஒற்றைப் பலாமரத்தின் பக்கத்தில், ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தது.

"மாமி, மரத்துக்கு மேல எடமே இல்ல. அதோட மலை முடிஞ்சிரும்."

"ஆமா புள்ள," என்றாள் தங்கம்மா. "முடிஞ்சிருச்சி."

வெளிச்சம் நிற்கவில்லை.

விளிம்பைத் தாண்டியது. மரத்தின் உச்சியைத் தாண்டியது. வயசான காலின் வேகம். நாலு அடி. ஒரு ஓய்வு. மறுபடி நாலு அடி. போனில் இப்போது செருப்புச் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். வெளிச்சம் முதல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போனது. அதையும் தாண்டியது.

அதற்கு மேலே நட்சத்திரம் இல்லாத ஒரு இடம் இருந்தது. தலை. தோள். தொங்கும் இரண்டு கை.

விஜயகலா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள் மாமி, போனிடம் அல்ல.

கருப்பு குனிந்தது. மெதுவாக. குழந்தையைத் தூக்கக் குனிவது மாதிரி.

வெளிச்சம் அணைந்தது.

விஜயகலா நின்றாள். கதவுச் சட்டம் ஈரமாக இருந்தது, அதைப் பிடித்திருந்த கை தன்னுடையதாகத் தெரியவில்லை. வானத்தில் இப்போது நட்சத்திரம் இல்லாத இடம் இரண்டு. ஒன்று உயரம். பக்கத்தில் ஒன்று குட்டை, முதுகு கொஞ்சம் கூனி. இரண்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

காதோடு ஒட்டியிருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"இங்கருந்து பாத்தா," என்றது மாமியின் குரல், மூச்சு வாங்காமல், "ஒங் கட நல்லாத் தெரியுது புள்ள."