நிலைக்கவலை

"கூரை ஒழுகுது" என்றான் கொளஞ்சி. குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. சுவரில் பதித்திருந்த, குரலைச் சோதிக்கும் செவியான் ஒரு கணம் தாமதித்துப் பச்சை விளக்கைப் போட்டது. கதவு திறந்தது.

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. செவியானுக்கு அதெல்லாம் தேவையில்லை. எதிரே நிற்பவருக்குக் கவலை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

சாந்தகம் தயாரிக்கும் ஆலையில் இதுதான் முதல் சட்டம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்துவதற்கு உலகம் முழுவதும் வாங்குகிற மருந்து அது. உப்புக்கல்லில் நூறில் ஒரு பங்கு ஓர் ஆளுக்குத் தாராளம். மயக்கமெல்லாம் பிறகுதான் வரும், முதலில் போவது கவலை. ஆள் பேசுவார், சிரிப்பார், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதிலும் சொல்வார். பயம் மட்டும் இருக்காது. பொடி இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், மூச்சு விட வேண்டுமே என்ற கவலை உடம்புக்கும் விட்டுப்போகும். இருமலோ கண்ணெரிச்சலோ கிடையாது. நஞ்சு ஏறியவர்தான் ஆலையிலேயே மிக நிம்மதியானவராக இருப்பார்.

தூசிமானிகளுக்கு அந்தப் பொடியின் நுண்மை எட்டவில்லை. ஆகவே மனிதரையே மானியாக வைத்தார்கள். கலவைக் கூடத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் செவியான் முன் நின்று அவரவர் கவலையைச் சொல்ல வேண்டும். சொல்லில் பதற்றம் இருந்தால் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தவரைக் குளிப்பாட்டி முப்பது மணி நேரம் தனியறையில் வைத்துக் கண்காணிப்பார்கள்.

இந்தச் சட்டத்தைக் காப்பவள் அஞ்சலாட்சி. காப்பு அலுவலர், வயது ஐம்பத்தொன்று. கலவைக் கூடத்துக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து கீழே நடப்பதைப் பார்ப்பதும், செவியான் கேட்ட கவலைகளைத் தானும் கேட்பதும் அவள் வேலை. பத்தொன்பது ஆண்டுகளில் ஊரில் அவள் காதுக்கு வராத கவலை இல்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே கூடத்தில் அவள் மகன் அறவாழியும் வேலை செய்தான். ஒருநாள் காலை அவன் அப்பாவை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்திருந்தான். கண்டம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலை முடித்துச் செவியான் முன் நின்றவன் எவ்வளவு தேடியும் ஒரு கவலை கிடைக்காமல் சிரித்தான். சிவப்பு விழுந்தது. நேற்றுவரை அப்பாவை நினைத்து அழுதவன் இன்று சிரிக்கிறானே என்று அஞ்சலாட்சிக்கும் சந்தேகம் வந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டமா என்று ஊர் கேட்குமே என்றும் இருந்தது. தனியறைக்கு அனுப்பினாள்.

இருபதாவது மணியில் அப்பாவின் நிலை திடீரென்று மோசமாகி உயிர் போயிற்று. அறவாழியின் ரத்தத்தில் பொடி துளியும் இல்லை என்ற அறிக்கை முப்பதாவது மணியில் வந்தது. அவன் கொள்ளி வைத்தான், மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வெளியூர் போனான். தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அஞ்சலாட்சி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். சந்தோஷமாக இருப்பது குற்றமாகிவிடக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு கவலையைப் பதிவு செய்துகொள்ளலாம், புதிதாக ஒன்றும் இல்லாத நாளில் அதைச் சொல்லலாம். அதற்கு நிலைக்கவலை என்று பெயர் வைத்தார்கள்.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நிலைக்கவலை வந்தபின் யார் மெனக்கெட்டுப் புதுக்கவலை தேடுவார்கள்? கொளஞ்சி தன் கூரையைப் பதிவு செய்தான். அதோடு அதைச் சரிசெய்வதையும் விட்டுவிட்டான். மழைக்காலத்தில் நடுவீட்டில் அண்டா வைத்து நீர் பிடித்த அவன் மனைவி, இந்த ஓட்டையால்தான் நமக்குச் சோறா என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி மாமியாரோடு சமாதானமாகப் போவதைத் தள்ளிப்போட்டாள். அஞ்சலாட்சி மட்டும் என்னவாம்? கூடத்தைச் சோதிக்க இறங்கும் நாளில் செவியானிடம் அவள் சொல்லும் நிலைக்கவலை, மகன் பேசுவதில்லை என்பதே. பலமுறை கைப்பேசியை எடுத்து அவன் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள். பயந்து வைத்தாளா, அவன் பேசிவிட்டால் நாளைக்குச் செவியானிடம் எதைச் சொல்வது என்று வைத்தாளா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

கொளஞ்சி கூரையைச் சொல்லி வெளியே வந்த அந்தச் சித்திரை நாளில் தேநீர் மிக நன்றாக இருந்தது. இடைவேளை முடிந்து அவனும் உள்ளே திரும்பியிருந்தான். அஞ்சலாட்சி நாற்காலியில் சாய்ந்து, கீழே ஒன்பது பேரும் வெள்ளைக் கவசத்தில், முதுகில் மூச்சுக்காற்றுக் குழாயோடு வேலை செய்வதைப் பார்த்தாள். ஒருத்தி சிந்திய பொடியை உலர்ந்த துணியால் தட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டியதே அஞ்சலாட்சிதான். இன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் வேலை முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. ஒரு மணி நேரமாக அவள் மகனை நினைக்கவே இல்லை. நினைத்துப் பார்த்தாள். அவன் முகம் வந்தது, பேர் வந்தது, நெஞ்சில் இருக்க வேண்டிய பாரத்தைக் காணோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. கவலை இல்லை என்றால் பொடி ஏறியிருக்கிறது. கண்ணாடி அறையிலேயே பொடி இருந்தால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? அபாயப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் ஏதோ அயலூர்ச் செய்தியைப் படிப்பதுபோல் இருந்தது அது. தேநீரைக் குடித்துவிட்டு அழுத்தலாமே.

தேநீரைக் குடித்தாள். பொத்தானை அழுத்தவில்லை. கைப்பேசியை எடுத்து, ஆறு ஆண்டுகளாக விரல் அழுத்தாத எண்ணுக்குப் போட்டாள்.

"அறவாழி, அம்மா பேசறன்."

"சொல்லு" என்றான்.

"அப்பா சாவுறப்ப உன்ன அடச்சி வச்சேன்ல, அது தப்புப்பா. மத்தவங்க என்னா சொல்லுவாங்களோன்னு பாத்தேன். மன்னிச்சிடு."

அவன் ஆறு ஆண்டு காத்திருந்த சொற்கள்தான். குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லும் குரலில் வந்தன. அவன் இதைக் கேட்டு அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் அழவில்லை.

"ம்மா, நீ எங்க இருக்க?"

"வேலையிலதான். நல்லாத்தான் இருக்கேன்."

"உனக்கு என்னா கவலை? சொல்லு."

அவள் நிஜமாகவே தேடினாள். கூடத்தில் இரண்டு பேர் கவசத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் படுத்திருந்தான். வெயில் நேரம், களைப்பாக இருக்கும்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

மறுமுனையில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது. அவசரப் பிள்ளை, அப்பனைப் போலவே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அறவாழி தகவல் கொடுத்த பதின்மூன்று நிமிடத்தில் தீயணைப்புப் படையின் நச்சுப் பிரிவு கதவை உடைத்தது. நஞ்சை முறிக்கும் மீட்பூசி போட்டு எல்லோரையும் தூக்கிப் போனார்கள். இருவருக்கு இரண்டு நாள் செயற்கை மூச்சு தேவைப்பட்டது. ஒருவரும் சாகவில்லை. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பத்துப் பேரும் நிம்மதியாகச் செத்திருப்பார்கள்.

காரணம் கூரைமேல் இருந்தது. கழிவுக்காற்றை வடிகட்டும் பை கிழிந்திருந்தது. போன மாதப் பழுதுபார்ப்பில் மூச்சுக்காற்றை இழுக்கும் வாயை அதன் பக்கத்திலேயே மாற்றி வைத்திருந்தார்கள். கண்ணாடி அறைக்கும் அதே காற்றுதான். காக்க வேண்டிய குழாயே பொடியை மூக்குக்குள் கொண்டுபோய் ஊற்றியது, வேலியே பயிரை மேய்ந்த கதையாக.

விசாரணைக் குழு செவியானின் பதிவுகளையும் கேட்டது. இடைவேளைக்கு வந்த எல்லோரும் நஞ்சு ஏறிய பிறகுதான் அதன்முன் நின்றிருக்கிறார்கள். கூரை ஒழுகுது, மாமியா ஏசுறா, புள்ள படிக்கல என்று எல்லாக் குரலும் அதனதன் இடத்தில் தழுதழுத்திருந்தது. ஆறு ஆண்டு சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப்போல் நாக்கே பதறக் கற்றிருந்தது. நெஞ்சு அதற்குத் தேவைப்படவில்லை. பழுதுபார்ப்புத் தாளிலும் நிலைக்கவலைத் திருத்தத்திலும் இருந்த கையெழுத்து அஞ்சலாட்சியுடையது. அன்று குரலைக் கேட்டு நஞ்சைக் கண்டுபிடித்த ஒரே மானி அவள் பிள்ளைதான்.

அறவாழி வந்தான். எட்டு நாள் மருத்துவமனையில் கூடவே இருந்து கஞ்சி ஊட்டினான். ஊருக்குப் புறப்படும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான். "அன்னிக்கு மன்னிப்பு கேட்டது நீயா, மருந்தாம்மா?"

"நான்தான்" என்றாள். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று சொல்லவில்லை. ரத்தத்தில் பொடி இல்லாத இந்த வாயால் இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். "சாப்ட்டுட்டுப் போயேன்" என்றுதான் வந்தது.

நாற்பதாம் நாள் ஆலை திறந்தது. விசாரணை முடிகிறவரை அதே ஆட்களே வேலை பார்க்கலாம் என்றது நிர்வாகம். நிலைக்கவலை ஒழிந்தது, தினமும் புதுக்கவலைதான். கண்ணாடி அறைக்குப் போகிறவர்களும் இனிச் செவியானைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் நின்ற கொளஞ்சி தலையைச் சொறிந்தான். மருந்தின் மிச்சம் தந்த நிம்மதியில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரையை முழுக்கச் சரிசெய்துவிட்டிருந்தான்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லயேக்கா" என்று அவளைத் திரும்பிப் பார்த்தான். "வேல போயிடுமோன்னு பயமா இருக்கு."

பச்சை விழுந்தது. வரிசையில் சிரித்தார்கள்.

அடுத்து அஞ்சலாட்சி நின்றாள். மகன் பேசுவதில்லை என்று இனிச் சொல்ல முடியாது. நேற்றுக்கூடப் பேசினான், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டான். செவியான் காத்திருந்தது.

"எம் புள்ளகிட்ட அன்னிக்கு மன்னிப்பு கேட்டது நான்தானான்னு எனக்கே தெரியல" என்றாள்.

செவியான் சற்றும் தாமதிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, அவள் வேலைக்குப் போனாள்.