முடிக்காமல் விட்ட செபமாலை

ரயில் ஸ்டொக்வெல்லைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இரைந்துகொண்டு போகும்போது, றஜீனாவின் இயர்போனுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். திடுக்கிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேப்பரை மடியில் விரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எம்பி3 பிளேயரில் ஓடியது பாட்டு அல்ல, அவளுடைய சொந்தக் குரல். அவளுக்குக் கன்டீன் வேலை, மகள் ஜெஸ்ரினுக்குப் பள்ளிக்கூடம், புருஷன் றெஜினோல்டுக்கு இரவு ஷிப்ட். மூன்று பேரும் சேர்ந்து முழந்தாளிட நேரம் வாய்க்கவில்லை. செபமாலையோ தனியாள் வேலை இல்லை. ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்ல வேண்டும். அதனால் ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம், மோர்டன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு, முன்பாதியை மட்டும் சொல்லி, பின்பாதிக்கு இடம் விட்டு விட்டு அதில் பதிந்தாள். ரயிலில் போகும்போது அந்த இடைவெளிகளில் வாய்க்குள் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

"உமக்கு நீரே பக்கப்பாட்டோ?" என்று றெஜினோல்ட் சிரித்தான்.

பதிவில் செபமாலையின் கடைசிப் பத்து மணிகளில் பாதி போனபோது ஜெஸ்ரின் மாடிப்படியில் சறுக்கி விழுந்து குழறி அழுதாள். றஜீனா பிளேயரை நிறுத்திவிட்டு ஓடினாள். அதன் பிறகு முடிப்புச் செபத்தைப் பதிய அவளுக்கு ஞாபகமே வரவில்லை. பிளேயர் முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் முதலுக்கே போகும், அவளும் அதோடு சேர்ந்து போவாள்.

மூச்சுக் கேட்ட மறுநாள், அவள் பதில் சொல்லாமல் இடைவெளியை மட்டும் கேட்டாள். வோஷிங் மெஷின் சுற்றும் சத்தமும், குழாய் சொட்டும் சத்தமும், அவற்றுக்குப் பின்னால், குசினி வாசலடியில் என்று சொல்லலாம், புடவை உரசி மடிந்து யாரோ மெதுவாக முழந்தாளிடும் சத்தமும், முழங்கால் எலும்பு நெரியும் சத்தமும் கேட்டன. பிறகு ஒரு முணுமுணுப்பு.

இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த றெஜினோல்டிடம் பிளேயரை நீட்டினாள். "கேட்டுப் பாருங்கோப்பா. ஆரோ மறுமொழி சொல்லுகினம்."

அவன் ஒரு காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டான். "இது மெஷின்ர சத்தம். நீர் சரியா நித்திரை கொள்ளுறேல்லை, அதுதான்."

"அர்ச்சிஷ்ட மரியாயே எண்டு சொல்லுது. இப்ப ஆர் அப்பிடிச் சொல்லுறது? நாங்கள் புனித மரியே எண்டெல்லோ சொல்லுறம்."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, றஜீனா." அவன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒவ்வொரு நாளும் குரல் கிட்ட வந்தது. வாசலடியில் இருந்தது மேசையடிக்கு வந்தது. மேசையடியில் இருந்து அவளுடைய தோளுக்கு வந்தது. வயதான பெண்ணின் குரல், உலர்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் குரல். ரயில் பெட்டிக்குள் அணைத்த மெழுகுதிரி மணத்தது. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் பிளேயரின் பற்றரியைக் கழற்றிக் கோட் பொக்கெற்றில் போட்டாள். பிளேயரை அலுமாரியின் மேல், சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வரும்போது காது வெறுமையாக இருந்தது. பொக்கெற்றுக்குள் பற்றரியை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. செபத்தின் நடுவில் வீட்டுக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதில்லை, கதைப்பதில்லை. பேசாமல் வந்து முழந்தாளிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். முடிப்புச் செபம் சொல்லும் வரை எழும்பமாட்டார்கள். அவள் செபத்தைத் தொடங்கி, பதிலுக்கு இடமும் விட்டு வைத்தாள். முடிக்கவில்லை. வந்தது எதுவோ, அது இன்னும் அவளுடைய வீட்டில்தான் முழந்தாளில் நிற்கிறது. முடித்துவிட்டால் போய்விடும். வேறு ஒரு எண்ணமும் இல்லாமல் மோர்டன் ஸ்டேஷனிலிருந்து ஓடினாள்.

குளிர்காலம், பின்னேரம் ஐந்து மணிக்கே வெளியே கும்மிருட்டு. வீட்டுக்குள்ளும் லைற் போடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டு றெஜினோல்ட் முன்னறையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மெழுகுதிரி மணம் மாடிப்படியில் இறங்கி வந்தது. மேலே ஜெஸ்ரினின் குரல். தமிழில் ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பிள்ளை, முன்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தடுமாறாமல். றஜீனாவின் அதே ராகத்தில்.

கதவைத் தள்ளினாள்.

பிள்ளை கட்டிலடியில் முழந்தாளில். இடது காதில் இயர்போன். பிளேயர் மடியில், அதன் திரை கறுப்பு. பற்றரி றஜீனாவின் கைக்குள்.

"ஜெஸ்ரின்! ஆர் அதை எடுத்துத் தந்தது?"

"ஷ்ஷ், அம்மா. பிரேயர் முடியேல்லை."

மற்ற இயர்போன் கீழே தொங்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில், முழந்தாளிட்ட ஒரு பெரிய ஆளின் காது இருக்கும் உயரத்தில், வெறும் காற்றில் நின்றது. அதன் கீழே கார்ப்பெற்றில் இரண்டு குழிகள்.

பிள்ளை அங்கே இருந்தாள். றஜீனா கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் போட்டு, முடிப்புச் செபத்தைச் சத்தமாகச் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை.

"ஆமென்" என்றாள்.

"ஆமென்" என்றாள் ஜெஸ்ரின்.

"ஆமென்" என்றது இன்னொரு குரல்.

முழங்கால் எலும்பு நெரிந்தது. கார்ப்பெற்றில் இருந்த குழிகள் மெல்ல நிரம்பின. காற்றில் நின்ற இயர்போன் உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. றஜீனாவின் காது உயரத்துக்கு வந்தது. வயர் விறைத்தது. மற்ற நுனியில் ஜெஸ்ரினும் எழும்பினாள். அவளுடைய வலது கை மேலே போயிருந்தது, ஒன்றும் இல்லாத இடத்தில் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

றஜீனா வாசலை மறித்தாள். அணைத்த திரியின் மணம் அவளுடைய முகத்தில் பட்டது. அவளுடைய கால் அசையவில்லை, கை அசையவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. விறைத்த வயர் அவளுடைய கழுத்தை உரசிக்கொண்டு கடந்து போனது.

மாடிப்படியில் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். உலர்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிய, நல்ல தமிழில் சொன்னாள்.

"நாங்கள் போயிட்டு வாறம், பிள்ளை."