யாரும் பிடிக்காத பிரேக்

வண்டி ஸ்டாண்டில் ஏற்றப்பட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாமல் சும்மா நின்றது. கைப்பிடிப் பக்கம் யாரும் போகவில்லை. ஆனாலும் கைப்பிடி நடுவிலிருந்த டிஸ்பிளே திரையின் இடது மூலையில் பிரேக் குறி சிவப்பாக எரிந்தது. பிரேக் லீவரை யாராவது அழுத்தினால்தான் அது எரியும். கடையில் நட்டு ஒருவன்தான் இருந்தான். அவன் நான்கடி தள்ளி நின்று கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நட்டு என்பது தெரு வைத்த பெயர். தூரத்தில் ஒரு வண்டி வரும்போதே எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். மின்சார சைக்கிள்தான் பத்து வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிறது. டிஸ்பிளே கோளாறெல்லாம் ஊதித் தள்ளுகிற விஷயம் என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வான். இன்று ஒரு மணி நேரமாக அதையே முறைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி அக்காவுடையது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான்கு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். இப்போது மணி இரண்டரை. போன வாரம் அவள் மோட்டார் புகைந்து போனது. புதிது வர இரண்டு மாதம் ஆகும் என்று கம்பெனி கைவிரித்துவிட, நட்டு கொல்லைப்புறத்தில் கிடந்த வேறொரு வண்டியின் பின்சக்கரத்தை மோட்டாரோடு கழற்றி, மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டியையும் எடுத்து, நேற்று இதில் மாட்டினான். டிஸ்பிளே மட்டும் அக்காவுடைய பழையது. ஒரு வீட்டு மோட்டாரும் இன்னொரு வீட்டு டிஸ்பிளேயும் ஒத்துப்போக, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களைப்போல, கொஞ்ச நாள் பிடிக்கும். அப்படித்தான் முதலில் நினைத்தான்.

டிஸ்பிளேயின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பக்க அம்புக்குறியும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி செருகினான். குறி எரிந்தது. வலது லீவரின் ஒயரைக் கழற்றினான். எரிந்தது. இடது லீவரின் ஒயரையும் கழற்றினான். இனி அந்த லீவர்கள் வெறும் இரும்பு, அழுத்தினாலும் பெட்டிக்குச் சேதி போகாது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஷட்டருக்கு அடியில் தண்ணீர் ஒரு சாண் உள்ளே வந்திருந்தது, ஈயம் உருகிய வாசனையும் நனைந்த ரப்பர் வாசனையும் கலந்து நெஞ்சை அடைத்தன, அத்தனைக்கும் நடுவே அந்தச் சிவப்புப் புள்ளி அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்து, பிறகு வேகமாக நான்கைந்து முறை துடித்தது. ஈரச் சாலையில் வண்டி நிற்காமல் போகும்போது ஒரு மனுஷி லீவரை எப்படி விட்டு விட்டு அழுத்துவாளோ, அதே மாதிரி.

மனுஷி என்று ஏன் நினைத்தோம் என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

அலமாரியிலிருந்து புத்தம் புது டிஸ்பிளே ஒன்றை எடுத்து மாற்றிப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த மெல்லிய தாளைக்கூட உரிக்கவில்லை. திரை விழித்துக்கொண்டது. பேட்டரி முழுசாக இருந்தது, வேகம் பூஜ்யம். அப்பாடா என்று மூச்சு விட்டான். மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் தாளுக்கு அடியில் சிவப்பு எரிந்தது.

இனிமேல் தனக்குத் தெரியாத மாதிரி நடிக்க முடியாது.

அந்த மோட்டார், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருடையது. ஐந்து மாதத்துக்கு முன் டீச்சர் இதே ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, பரீட்சை நேரம், நாளைக்கே வேண்டும் என்று நின்றார். லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் இறுகிப்போய், பிரேக் பிடித்த மாதிரியே காட்டிக்கொண்டிருந்ததால் மோட்டார் ஓடவில்லை. மாற்று சுவிட்ச் வர ஒரு வாரமாகும். தொழிலில் எல்லோரும் செய்கிற குறுக்கு வழி ஒன்று உண்டு. கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, பிரேக் சேதி வருகிற ஒயரை உள்ளேயே வெட்டி, கறுப்பு டேப் சுற்றி மூடிவிடுவார்கள். வண்டி ஓடும். ஆனால் பிரேக் பிடித்தாலும் மோட்டார் நிற்காது. பிரேக் ரப்பர் ஒரு பக்கம் இழுக்க, மோட்டார் மறுபக்கம் தள்ளும். காய்ந்த சாலையில் ரப்பர் ஜெயிக்கும். இதை டீச்சரிடம் அவன் சொல்லவில்லை. இப்ப ஓடும் டீச்சர், அவ்வளவுதான் சொன்னான்.

மூன்று வாரம் கழித்து, தூறலில், பெரிய சரிவில் இறங்கிய டீச்சர் முக்கில் திரும்பிக்கொண்டிருந்த லாரியின் பின்சக்கரத்துக்குள் போனார். மழையில் வழுக்கிவிட்டது என்றார்கள். டீச்சரின் தம்பி வண்டியைக் கொண்டுவந்து, இது எங்கள் கண்ணில் படவே வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அக்கா இதே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள், சாப்பிடவில்லை.

"அவங்களை மூடின போர்வை எங்கிட்டதான்டா வந்துச்சு. மூணு தடவை அலசியும் சிவப்பு போகல. பிரேக்கைப் பிடிச்ச கை விரியவே இல்லையாம், அப்படியே மடங்கி இருந்துச்சாம். அந்த வண்டிய ரிப்பேர் பாத்தவன் நல்லா இருப்பானா?"

ரிப்பேர் பார்த்தவன் வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினான். அம்மா போனபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். உலகம் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வான். அவள் முகம் சுளித்தால் அவனால் தாங்க முடியாது. அதனால்தான் இந்த மோட்டாரைக்கூடக் கம்பெனி தந்த பழையது என்று சொல்லி மாட்டியிருந்தான். உள்ளே வெட்டிய ஒயரை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. பெட்டியைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

போன் அடித்தது.

"என் வண்டி உயிரோட இருக்கா, இல்ல இன்னைக்கும் நடராஜா சர்வீஸா?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா. டிஸ்பிளேல சின்னப் பிரச்சினை."

"ஓடுதா?"

"ஓடுது."

"நிக்குதா?"

அவன் கன்ட்ரோலர் பெட்டியைப் பார்த்தான். "நிக்கும்."

"அப்புறம் என்ன. டிஸ்பிளேயைப் பாத்துக்கிட்டு நான் என்ன சினிமாவா பாக்கப் போறேன். மூணேகாலுக்கு வந்துடுறேன்."

பெட்டியின் நான்கு திருகுகளையும் கழற்றினான். கறுப்பு டேப் அவன் சுற்றியபடியே இருந்தது. உரித்தான். வெட்டுப்பட்ட இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகிக் கிடந்தன. இந்த வழியாக எந்தச் சேதியும் போக முடியாது. ஆனாலும் மேலே குறி எரிந்துகொண்டிருந்தது.

ஈயம் வைத்து இரண்டு முனைகளையும் சேர்த்தான். லீவர் ஒயர்களையும் பழையபடி செருகினான். குறி அணைந்தது.

ஆக்சிலேட்டரைத் தொட்டு மோட்டாரை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தினான். மோட்டார் நின்றது. விட்டான். ஓடியது. பத்துத் தடவை. பத்துத் தடவையும் நின்றது. மன்னிச்சிருங்க டீச்சர் என்று மோட்டாரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான். சொன்னதும் தன்மேலேயே கோபம் வந்தது. செத்தவர்களிடம் சொல்வது எவ்வளவு சுலபம்.

ஆரக்காலில் வேகத்தை அளக்கும் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். அது கொஞ்சம் சரிந்திருந்தது. சக்கரம் நின்றுகொண்டுதான் இருந்தது. குனிந்து, வலது கை விரல்களை ஆரக்கால்களுக்கு நடுவே விட்டு அதைத் திருகினான்.

குறி எரிந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தான். வேகம் ஆறு. சக்கரம் அசையவில்லை. பதினான்கு. அசையவில்லை. இருபத்து மூன்று. நிற்கிற சக்கரத்துக்கு இருபத்து மூன்று எப்படி வரும் என்று யோசித்தபடி இருந்துவிட்டான், கையை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முப்பத்தொன்று.

சக்கரம் ஒரே உதறலில் சுழன்று அந்த எண்ணை எட்டிப் பிடித்தது.

மடக் என்று ஒரு சத்தம். முதலில் வலியே இல்லை. ஆரக்கால்கள் கையை இழுத்துக்கொண்டு போய்ச் சட்டத்தில் நசுக்கின, விட்டன, மறுபடி இழுத்தன. சுவரில், கூரையில், புது டிஸ்பிளேயின் தாளில் ரத்தம் வாரியடித்தது. இடது கையால் எட்டி பவர் பட்டனை அமுக்கினான். அணைந்தது. சக்கரம் நின்றது. மோதிர விரல் தோலில் தொங்கியது. நடுவிரலைக் காணோம்.

அக்கா ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது அவன் தரைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். அவள் கத்தவில்லை, ஆஸ்பத்திரியில் பார்க்காத ரத்தமா. துண்டைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டினாள். செயினுக்கு அடியில் கிடந்த விரலை எடுத்து, துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாவி, அரை மணி நேரத்துல இப்படியா பண்ணி வைப்ப. எழுந்திரு. சீக்கிரம் போனா தெச்சுடுவாங்க."

"டாக்ஸி கூப்பிடுக்கா."

"இந்த மழையில எவன் வருவான்? சரிவுல இறங்குனா ஆறு நிமிஷம். வண்டில ஏறு."

"வண்டி வேணாம்."

"ஏன்?"

ஒரே ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, எப்போதும் போல அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயரைத்தான் சேர்த்தாகிவிட்டதே, எங்கேயோ உரசியிருக்கும், அதனால்தான் ஓடியிருக்கும், ஆறு நிமிஷம்தானே என்று மனசு பசப்பியது.

"டிஸ்பிளே சரியில்ல" என்றான்.

"மண்டை சரியில்ல உனக்கு." அவனைப் பின்னால் உட்காரவைத்து, மயங்கி விழுந்துவிடாமல் இருக்கத் தன் துப்பட்டாவால் அவன் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டாள். லீவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். மோட்டார் நின்றது. திருப்தியாகக் கிளம்பினாள்.

தெருமுனைவரை வண்டி நல்ல பிள்ளையாகப் போனது. சரிவு ஆரம்பித்தது. மழை முகத்தில் அடித்தது. அவள் தோளுக்கு மேலாக அவன் எட்டிப் பார்த்தான். ரத்தம் கழுவிப்போன திரையில் பத்தொன்பது. குறி எரிந்தது.

"பிரேக் பிடிச்சிருக்கியாக்கா?"

"இன்னும் இல்லடா. ஏன்?"

இருபத்தேழு.

"பிடி. இப்பப் பிடி."

பிடித்தாள். ரப்பர் கிறீச்சிட்டது. சக்கரத்துக்குள் மோட்டார் உறுமியது. முப்பத்து மூன்று.

"நிக்கலடா. ஆக்சிலேட்டர்ல கையே வைக்கல, தள்ளுதுடா இது."

"பவர் பட்டன்."

அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். திரை அணையவில்லை. கீழே முக்கில், மழைக்குப் பின்னால், நீளமாக ஏதோ திரும்பிக்கொண்டிருந்தது. அவன் முடிச்சை இழுத்தான். நனைந்த முடிச்சு. ஒரு கை. மூன்று விரல் மட்டுமே மிஞ்சிய இன்னொரு கை. அவிழவில்லை.

"அக்கா, இது டீச்சர் மோட்டார். பிரேக் ஒயரை வெட்டுனது நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் ஒருமுறை விறைத்தது.

"கடையில சொல்லியிருக்கலாமேடா" என்றாள். திட்டவில்லை. சின்ன வயசில் அவன் கீழே விழுந்து எழுந்தபோதெல்லாம் கேட்ட அதே குரல்.

முப்பத்தொன்பது. லாரியின் பின்சக்கரம். ஆள் உயரம். சுழன்றபடி.

அக்கா இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். பின்னால் கொண்டுவந்து, துண்டு சுற்றிய அவன் கையையும் சுற்றாத கையையும் முன்னால் இழுத்துத் தன் வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கைப்பிடி ஆடவில்லை. வண்டி நேராகப் போனது.

அவன் பார்த்தான். நாற்பத்து நான்கு. யாருடைய கையும் இல்லாத அந்த இரண்டு லீவர்களும் அழுந்தியிருந்தன. கைப்பிடியோடு ஒட்டும்வரை அழுந்தின. ஒட்டிய பிறகும் அழுந்தின. ரப்பர் உறையில் நான்கு நான்கு விரல் பள்ளங்கள் விழுந்தன. இரும்பு மெல்ல, மெல்ல, உள்பக்கமாக வளைந்தது.